புதிய பதிப்பு வந்துவிட்டது… ஏற்றலாமா?

விஷுவல் எஃபெக்ட்ஸ், எடிட்டிங் மென்பொருள்களின் புதிய பதிப்புகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே சிக்கலைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு குறும்படத்துக்கு நாற்பது ஷாட் வேலை பாதியில் இருக்கிறது. எடிட்டிங், நிறத் திருத்தத்துக்கான டாவின்சி ரிசால்வ், எஃபெக்ட் சேர்க்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், முப்பரிமாணத்துக்கான பிளெண்டர் மூன்றுமே ‘புதிய பதிப்பு தயார்’ என்கின்றன. இப்போதே ஏற்றிக்கொள்ளலாமா, பொறுத்திருக்க வேண்டுமா?

பதில்: பொறுத்திருங்கள். இருபது ஷாட்டைப் பழைய பதிப்பிலும் இருபதைப் புதியதிலும் முடித்தால், அடுத்தடுத்து வரும் இரண்டு ஷாட்டுகளில் விளிம்பின் மென்மையோ நிறமோ ஒரு நூல் பிசகி நிற்கும். எங்கே பிசகியது என்று தேடுவதற்குள், மிச்சப்படுத்திய நேரமெல்லாம் கரைந்துவிடும்.

பதிப்பு எண்ணே நிறையச் சொல்லிவிடும். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருத்தம்தான்; உங்களைப் படுத்தும் பிழை அந்தப் பட்டியலில் இருந்தால் ஏற்றலாம். முதல் எண் மாறியிருந்தால் கோப்பின் அமைப்பு, நிறக் கணக்கு, ப்ளக்-இன் இணைப்பு என்று எது வேண்டுமானாலும் மாறியிருக்கும்.

மூன்று மென்பொருள்களும் ஏறும் விதம் வேறு வேறு. பிளெண்டரைத் தனி ஃபோல்டரில் பிரித்து வைத்தால் பழையதும் புதியதும் அக்கம்பக்கமாக ஓடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் ஆண்டுப் பதிப்புகளைச் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். ஏற்றும்போது ‘பழைய பதிப்புகளை நீக்கு’ என்ற குறியை மட்டும் எடுத்துவிட வேண்டும். கவனம் மிகவும் தேவைப்படுவது ரிசால்வுக்குத்தான். அது பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் உட்காரும். பெரிய பதிப்பு மாறும்போது புராஜெக்ட் லைப்ரரியையும் மேம்படுத்தச் சொல்லும். ஒருமுறை சம்மதித்துவிட்டால் அந்த லைப்ரரியைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. எனவே முதலில் புராஜெக்ட் மேனேஜரில் லைப்ரரியின் விவரத்தைத் திறந்து பேக்கப் எடுங்கள். கூடவே முக்கியமான புராஜெக்ட்டுகளைத் தனித்தனியே எக்ஸ்போர்ட் செய்து, வேறொரு டிரைவில் வையுங்கள். பழைய பதிப்பின் இன்ஸ்டாலர் கோப்பையும் தூக்கிப்போடாதீர்கள். பேக்கப் இருந்து, அதைத் திறக்கும் பதிப்பு இல்லையென்றால் பயனில்லை.

வேலை முடிந்து புதியதை ஏற்றிய பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். பழைய ஷாட் ஒன்றில் பத்து ஃபிரேமை இரண்டு பதிப்பிலும் 16 பிட் இஎக்ஸ்ஆராக (ஒளி மதிப்புகளை வெட்டாமல் காக்கும் பட வடிவம்) ரெண்டர் எடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து டிஃபரன்ஸ் முறையில் (ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து) கலந்து, வரும் விடையை 100 மடங்கு பெருக்குங்கள். பெருக்காமல் பார்த்தால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். சின்ன வித்தியாசம் கண்ணில் படாது. பெருக்கிய பிறகும் கறுப்பாகவே இருந்தால் நிம்மதி. படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரிந்தால், ரெண்டரின் இரைச்சல் வேறு வரிசையில் விழுந்திருக்கிறது என்று பொருள், பயமில்லை. பொருள்களின் விளிம்பு மட்டும் கோடு போட்டதுபோல் ஒளிர்ந்தால், படத்தைச் சுருக்கி விரிக்கும் ஃபில்டர் மாறியிருக்கிறது, அல்லது அரைப் பிக்சல் நகர்ந்திருக்கிறது. பரப்பு முழுவதும் ஒரே சாயலில் நிறம் படர்ந்திருந்தால் நிற மாற்றக் கணக்கில் கை வைத்திருக்கிறார்கள். கடைசி இரண்டையும் காரணம் தெரியாமல் விடக் கூடாது.

கேள்வி: பிளெண்டர் 2.93-இல் செய்த காட்சியை 4.2-இல் புதிய கோப்பு தொடங்கி அப்பெண்ட் செய்தேன். விளக்குகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் படம் வெளிறிப்போய், சிவப்பு நியான் விளக்கு வெள்ளையாகத் தெரிகிறது. எதை உடைத்துவிட்டேன்?

பதில்: நீங்கள் எதையும் உடைக்கவில்லை. 2023-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து புதிய கோப்புகளுக்கு இயல்பான வியூ டிரான்ஸ்ஃபார்ம் (காட்சியின் ஒளி மதிப்பைத் திரைக்கான நிறமாக்கும் கணக்கு) ‘ஃபில்மிக்’ அல்ல, ‘ஏஜிஎக்ஸ்’. இந்த அமைப்பு காட்சியோடு சேமிக்கப்படுவது. பழைய கோப்பை நேரடியாகத் திறந்திருந்தால் அதிலுள்ள ஃபில்மிக்கே வந்திருக்கும். நீங்கள் பொருள்களை மட்டும் எடுத்து வந்ததால் புதிய கோப்பின் ஏஜிஎக்ஸ் அவற்றின்மேல் ஏறிக்கொண்டது.

ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸ், கலர் மேனேஜ்மென்ட், வியூ டிரான்ஸ்ஃபார்ம் என்று போய் ஃபில்மிக்கைத் தேர்ந்தால் பழைய தோற்றம் திரும்பிவிடும். அதே இடத்தில் உள்ள ‘லுக்’ என்பதையும் பாருங்கள். பழைய கோப்பில் கான்ட்ராஸ்ட் கூட்டியிருந்தால் அதையும் இங்கே மறுபடி வைக்க வேண்டும்.

என்றாலும் ஏஜிஎக்ஸை ஒதுக்கிவிடாதீர்கள் என்பதே எங்கள் ஆலோசனை. மிகப் பிரகாசமான, மிக அடர்த்தியான நிறம் வந்தால் ஃபில்மிக் அதை ஒரு சில தட்டையான நிறங்களுக்குள் தள்ளிவிடும். நீல விளக்கின் நடுவில் வெறும் நீலத் திட்டுதான் மிஞ்சும். ஏஜிஎக்ஸில் பிரகாசம் ஏற ஏற நிறம் மெல்ல வெளுத்து வெள்ளையை நோக்கிப் போகும். கேமராவில் எடுத்த விளக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். நியானுக்குச் சிவப்பு வேண்டுமென்றால் எமிஷன் வலிமையைப் பாதியாக்கி, லுக்கில் ‘மீடியம் ஹை கான்ட்ராஸ்ட்’ வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று: இந்த மாற்றம் பிஎன்ஜி, ஜேபெக், வீடியோ ஆகியவற்றில் படிந்துவிடும், இஎக்ஸ்ஆரில் படியாது. காம்போசிட்டிங்குக்கு (பல படங்களை ஒரே ஷாட்டாக இணைக்கும் வேலைக்கு) இஎக்ஸ்ஆர் அனுப்புகிறவர் என்றால், உங்கள் திரையில் தெரியும் வெளிறல் அடுத்த மேசைக்குப் போவதே இல்லை.

கேள்வி: அதே பிளெண்டர் 4.2-இல், வேகமான ரெண்டர் எஞ்ஜினான ஈவீயின் ‘ப்ளூம்’ (ஒளிக்கசிவு) குறியே காணோம். பிரதிபலிப்பும் மங்கிவிட்டது. வசதியைக் குறைத்துவிட்டார்களா?

பதில்: 2024 ஜூலையில் வந்த 4.2-இல் ஈவீயை அடியிலிருந்து மாற்றி எழுதினார்கள். ப்ளூம் அங்கிருந்து நீங்கி, காம்போசிட்டருக்குக் குடிபோய்விட்டது.

காம்போசிட்டிங் பணியிடத்தில் ‘யூஸ் நோட்ஸ்’ குறியிடுங்கள். ரெண்டர் லேயர்ஸ் நோடுக்கும் காம்போசிட் நோடுக்கும் நடுவே, ஃபில்டர் பட்டியலில் உள்ள ‘க்ளேர்’ நோடைச் சொருகி, அதன் வகையை ‘ப்ளூம்’ ஆக்குங்கள். பழைய ப்ளூமின் இயல்பு த்ரெஷோல்டு 0.8, இன்டென்சிட்டி 0.05, அதாவது மிக மெல்லிய ஒளிக்கசிவு. க்ளேரில் மிக்ஸ் மதிப்பை 0-இல் விட்டால் படமே பாலாக வழியும். -0.9 அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். வேலை செய்யும்போதே கண்ணால் பார்க்க, வியூபோர்ட்டின் மேல் வலது மூலையில் ஷேடிங் அம்புக்குறியைத் திறந்து, காம்போசிட்டர் என்பதை ‘ஆல்வேஸ்’ ஆக்குங்கள்.

பின்னணியை வெளிப்படையாக வைத்து ரெண்டர் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒளிக்கசிவு பொருளின் ஆல்ஃபாவை, அதாவது எங்கே ஒளி புகாது என்று குறிக்கும் சேனலைத் தாண்டி வெளியே படர்வது. ஆனால் அங்கே ஆல்ஃபா பூச்சியம். வேறொரு பின்னணிமேல் வைக்கும்போது கசிவு விளிம்போடு வெட்டுப்பட்டதுபோல் தெரிந்தால் இதுதான் காரணம். கசிவை மட்டும் தனிப் படமாக எடுத்து, கடைசியில் ‘ஆட்’ அல்லது ‘ஸ்க்ரீன்’ முறையில் மேலே சேருங்கள்.

பிரதிபலிப்பு மங்கியதற்கு, ரெண்டர் ப்ராப்பர்ட்டீஸில் ‘ரேட்ரேசிங்’ குறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பு ‘ஸ்க்ரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷன்ஸ்’ இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. கண்ணாடி, இலை போன்ற மெட்டீரியல்களில் ‘பிளெண்ட் மோட்’ போய் ‘ரெண்டர் மெத்தட்’ வந்திருக்கிறது. ‘டித்தர்டு’ என்றால் பொடி இரைச்சல் வரும், சாம்பிள் கூட்டினால் அடங்கும். ‘பிளெண்டட்’ என்றால் இரைச்சல் இல்லை, ஆனால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று இருக்கும் பரப்புகளின் வரிசை புரளலாம்.

கேள்வி: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மல்டி-ஃபிரேம் ரெண்டரிங் வந்து பல பதிப்புகள் ஆகிவிட்டன. 16 கோர் இயந்திரம் வைத்திருக்கிறேன். பிராசஸர் பாதிகூட வேலை செய்வதாகத் தெரியவில்லையே?

பதில்: இந்த வசதி 2021 அக்டோபரில் 22.0 பதிப்போடு வந்தது. ஒரு ஃபிரேமைப் பல கோர்கள் பங்குபோட்டுக்கொள்வதில்லை. ஒரே நேரத்தில் பல ஃபிரேம்களைத் தனித்தனியாகச் சமைக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியே ராம் வேண்டும். கோர் நிறைய இருந்து ராம் குறைவாக இருந்தால், எத்தனை ஃபிரேமுக்கு இடமிருக்கிறதோ அத்தனையோடு நிறுத்திக்கொள்ளும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1920×1080 படம், நான்கு சேனல், 8 பிட் என்றால் ஒரு லேயரின் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 8.3 எம்பி. அதையே 32 பிட்டாக்கினால் 33 எம்பி. 4096×2160 அளவில் 32 பிட்டில் 142 எம்பி. விநாடிக்கு 24 ஃபிரேம் என்று வைத்தால், முடிந்த படத்தின் ஒரே ஒரு விநாடியை ராமில் வைக்கவே 3.4 ஜிபி. லேயர்களும் இடைநிலைப் படங்களும் இதற்குமேல். ராம் 16 ஜிபி என்றால் 16 கோருக்கும் வேலை கொடுக்க அதனால் முடியாது.

அடுத்து எஃபெக்ட். எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ் பேனலில் பெயருக்குப் பக்கத்தில் எச்சரிக்கைச் சின்னம் இருந்தால், அந்த எஃபெக்ட் பல ஃபிரேம்களை ஒரே நேரத்தில் கையாளும்படி எழுதப்படவில்லை. ஒரே ஒரு பழைய ப்ளக்-இன் போதும், மற்றவை அதற்காக வரிசையில் காத்து நிற்கும். ப்ளக்-இன்னின் புதிய பதிப்பை வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்த லேயரை மட்டும் முன்கூட்டியே ப்ரீ-ரெண்டர் செய்து படவரிசையாக மாற்றி உள்ளே கொண்டுவாருங்கள்.

எது இழுக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. டைம்லைனின் கீழே நத்தைச் சின்னம் இருக்கும். அதைத் தட்டினால் ஒவ்வொரு லேயரும் எஃபெக்ட்டும் அந்த ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம் எடுத்தன என்று எண்ணாகவே காட்டும். மற்ற எல்லாம் சேர்ந்து எடுக்கும் நேரத்தை ஒரே ஒரு ப்ளர் விழுங்குவதை அடிக்கடி இங்கே காணலாம். அந்த ஒன்றைச் சரிசெய்தால் கிடைக்கும் பலன் புது இயந்திரம் வாங்கினாலும் கிடைக்காது.

ப்ரிவியூ பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். 2025-இல் வந்த 25.2-க்கு முன்பு, ராமில் கொள்ளும் அளவுக்குத்தான் ப்ரிவியூ ஓடும். அந்தப் பதிப்பிலிருந்து டிஸ்க் கேஷிலிருந்தே நேரடியாக ஓட்டுகிறது. நீண்ட காம்ப்பையும் (காம்போசிஷனையும்) முழுதாகப் பார்க்கலாம். ஆனால் கேஷ் வேகமான எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் மேலே சொன்ன விநாடிக்குப் பல ஜிபி கணக்குக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. படம் விக்கி விக்கித்தான் ஓடும்.

கேள்வி: ரிசால்வின் மேஜிக் மாஸ்க், ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் புதிய ரோட்டோ பிரஷ், காம்போசிட்டிங் மென்பொருளான நியூக்கின் காப்பிகேட்… இவை எல்லாம் வந்த பிறகு ரோட்டோ (ஃபிரேம் ஃபிரேமாக விளிம்பை வரைந்து ஆளைப் பிரிப்பது) கையால் போட வேண்டிய அவசியமே இல்லை என்கிறார்களே. இறுதித் தரத்துக்கு நம்பலாமா?

பதில்: முதல் மூன்றில் இரண்டு பங்கு வேலையை அவற்றிடம் தாராளமாகக் கொடுங்கள். கடைசிப் பங்கு இன்னும் கையில்தான் இருக்கிறது. முடி, அசைவில் மங்கிய விரல், ஒருவர் இன்னொருவருக்குப் பின்னால் போய் வெளியே வரும் நொடி – இந்த மூன்று இடங்களில்தான் எந்தக் கருவியும் தடுமாறும். நிறத் திருத்தத்தில் முகத்தைக் கொஞ்சம் தூக்கிவிட மேஜிக் மாஸ்க் மட்டுமே போதும். விளிம்பு ஓரிரு பிக்சல் துடித்தாலும் தெரியாது. ஆளை வெட்டி வேறு பின்னணியில் நிறுத்தும்போது அதே துடிப்பு திரையில் கத்தும்.

ரோட்டோ பிரஷ்ஷின் மூன்றாம் பதிப்பு 2023 அக்டோபரில் 24.0-வோடு வந்தது. அதில் நிறையப் பேர் செய்யும் தவறு, ஆள் நுழையும் முதல் ஃபிரேமிலேயே தொடங்குவது. உடல் முழுதாக, கைகால் பிரிந்து, மங்கல் குறைவாகத் தெரியும் ஃபிரேமைத் தேடி அதை பேஸ் ஃபிரேமாக்குங்கள். அங்கிருந்து இரண்டு பக்கமும் பரவட்டும். லேயர் பேனலில் ரெசல்யூஷனை ‘ஃபுல்’ ஆக வையுங்கள். ஒரு ஃபிரேமில் பிழை தென்பட்டால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள், ஏனென்றால் அடுத்த ஃபிரேம் இந்தப் பிழையைப் பார்த்துத்தான் தன்னை வரைந்துகொள்ளும். காம்ப்பின் ஃபிரேம் ரேட்டும் கிளிப்பின் ஃபிரேம் ரேட்டும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால் மாஸ்க் படத்தோடு ஒட்டாது. முடிந்ததும் ‘ஃப்ரீஸ்’ அழுத்த மறக்க வேண்டாம். அழுத்தாமல் விட்டால் அதே கணக்கை மென்பொருள் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்கும். பழைய புராஜெக்ட்டில் பழைய பதிப்பிலேயே எஃபெக்ட் நிற்கும்; எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் ‘வெர்ஷன்’ என்ற இடத்தில் 3.0-வுக்கு மாற்றலாம். முடிந்த ஷாட்டில் மாற்றாதீர்கள், வரைந்ததெல்லாம் மறுபடி கணக்கிடப்படும்.

மூன்றிலும் எங்களுக்கு மதிப்பு அதிகம் காப்பிகேட்மேல். 2021-இல் நியூக் 13-ஓடு வந்தது; நியூக்எக்ஸ் உரிமம் வேண்டும். மற்றவை எங்கோ பயின்று வந்த அறிவை உங்கள் படத்தில் பிரயோகிக்கின்றன. இது உங்கள் ஷாட்டையே பாடமாகப் படிக்கிறது. 120 ஃபிரேம் ஷாட் என்றால் ஆறேழு ஃபிரேமுக்கு நீங்கள் கையால் சுத்தமாக ரோட்டோ போடுகிறீர்கள். மீதியை அது கற்றுக்கொண்டு போடுகிறது.

செய்முறை இப்படி. தேர்ந்த ஒவ்வொரு ஃபிரேமையும் ஃபிரேம்ஹோல்டால் நிறுத்தி, அப்பெண்ட்கிளிப்பால் வரிசையாகக் கோத்துக்கொள்ளுங்கள். மூலப்படத்துக்கு ஒரு வரிசை, நீங்கள் போட்ட விடைக்கு ஒரு வரிசை. முதலாவதை காப்பிகேட்டின் ‘இன்புட்’டிலும் இரண்டாவதை ‘கிரவுண்ட் ட்ரூத்’திலும் கொடுங்கள். இரண்டும் ஒரே வரிசை, ஒரே அளவு, ஒரே ஃபார்மட்டில் இருக்க வேண்டும். உள்ளே ஆர்ஜிபி, விடைக்கு ஆல்ஃபா என்று சேனலைக் குறியுங்கள். பயிற்சி ஓடும்போது மூலம், விடை, இப்போதைய ஊகம் மூன்றையும் சிறு துண்டுகளாகப் பக்கத்தில் காட்டும். பிழையின் அளவைக் காட்டும் இழப்பு வரைபடம் இறங்கிச் சமமாகிவிட்டது என்பதை மட்டும் நம்பாமல் இந்தத் துண்டுகளில் விளிம்பைப் பாருங்கள். கிடைக்கும் மாடல் கோப்பை இன்ஃபரன்ஸ் நோடில் ஏற்றி முழு ஷாட்டையும் ஓட்டுங்கள்.

தோற்பது எங்கே? முதல் காரணம் ஃபிரேம் தேர்வு. சீரான இடைவெளியில் 1, 20, 40 என்று எடுக்காதீர்கள். மங்கல் மிகுந்த ஒன்று, ஆள் திரும்பும் ஒன்று, வெளிச்சம் மாறும் ஒன்று, மறைந்து வெளிவரும் ஒன்று என்று கடினமானவற்றைப் பொறுக்குங்கள். இரண்டாவது, சீரற்ற விடைகள். ஒரு ஃபிரேமில் விளிம்பை இறுக்கமாகவும் இன்னொன்றில் இரண்டு பிக்சல் மென்மையாகவும் வரைந்தால், அது இரண்டுக்கும் நடுவே தடுமாறி விளிம்பைத் துடிக்க வைக்கும். மூன்றாவது நிறவெளி. லாக் நிலையில் (ஒளி மதிப்புகளைச் சுருக்கி எழுதிய நிலை) பயிற்றுவித்துவிட்டு லீனியர் (சுருக்காத) படத்தை இன்ஃபரன்ஸுக்குக் கொடுத்தால் அதற்கு அது அறிமுகமில்லாத படம். ஓட்டிப் பார்த்துத் தோற்ற ஃபிரேம்களில் இரண்டைக் கையால் சரிசெய்து வரிசையில் சேர்த்து, முன்பு சேமித்த மாடலிலிருந்தே பயிற்சியைத் தொடருங்கள். பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் இப்போது ஏசிஸ் (ACES) என்ற திரைத்துறைப் பொது நிறமுறையைத் தானே ஏற்கிறது என்று படித்துப் புதியதற்கு மாறினோம். பழைய புராஜெக்ட்டில் படம் ஒரேயடியாக இருண்டு, கான்ட்ராஸ்ட் எகிறிவிட்டது.

பதில்: நிற மாற்றம் இரண்டு முறை விழுகிறது. 2023-க்கு முன்பு ஓசிஐஓ (ஓபன்கலர்ஐஓ என்ற நிற மேலாண்மை முறை) வேலைக்குத் தனி ப்ளக்-இன் ஒன்றை அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் போடுவது வழக்கம். இப்போது புராஜெக்ட் செட்டிங்ஸில் கலர் எஞ்ஜினை ஓசிஐஓ ஆக்கியதும் திரைக்கான மாற்றத்தை மென்பொருளே செய்கிறது; மேலே இருக்கும் பழைய லேயர் அதையே இன்னொரு தரம் செய்கிறது.

பழைய லேயரை அணையுங்கள். வொர்க்கிங் ஸ்பேஸ் ஏசிஸ்சிஜி (ஏசிஸ் முறையின் ஒரு நிறவெளி), ஆழம் 32 பிட். அடுத்து ஒவ்வொரு கிளிப்பின் ‘இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்’ஜைத் திறந்து பாருங்கள். ரெண்டரிலிருந்து வந்த இஎக்ஸ்ஆருக்கு ஏசிஸ்சிஜி என்றும், பிஎன்ஜி படங்களுக்கு எஸ்ஆர்ஜிபி டெக்ஸ்சர் என்றும் குறியுங்கள். மேட் (எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று குறிக்கும் படம்), டெப்த் (தொலைவு) போன்ற தரவுப் படங்களுக்கு எந்த நிற மாற்றமும் கூடாது, அவை ‘ரா’. கடைசியில் அவுட்புட் மாட்யூலின் கலர் பகுதியையும் பாருங்கள். திரையில் சரியாகத் தெரிந்தும் கோப்பு தவறாக வருவது இங்கேதான்.

கேள்வி: பொருள்களைத் தனித்தனியே பிரித்தெடுக்க கிரிப்டோமேட் எடுத்தால் விளிம்பெல்லாம் பொத்தல் பொத்தலாக வருகிறது. புதிய பதிப்பில் பிழையா?

பதில்: பெரும்பாலும் ரெண்டர் அமைப்பில்தான் கோளாறு இருக்கும். கிரிப்டோமேட் ஒவ்வொரு பொருளின் பெயரையும் ஒரு எண்ணாக்கி, அதை 32 பிட் மிதவை மதிப்பாக எழுதி வைக்கிறது. அது நிறமல்ல, அடையாள எண். 16 பிட்டாகச் சேமித்தால் எண்ணின் கடைசி இலக்கங்கள் போய்விடும். மென்பொருளுக்கு அது வேறு ஏதோ பொருள். எனவே பிளெண்டரில் ஓபன்இஎக்ஸ்ஆர் மல்டிலேயர், ஆழம் ‘ஃபுல்’ ஃப்ளோட். கம்ப்ரெஷன் இழப்பில்லாத ‘ஸிப்’பாக இருக்கட்டும். டிடபிள்யூஏஏ, டிடபிள்யூஏபி இரண்டும் இடத்தை அருமையாக மிச்சப்படுத்தும், ஆனால் இழப்புள்ளவை. அழகுப் படத்துக்கு (கண்ணால் பார்க்கும் நிறப் படத்துக்கு) வைத்துக்கொள்ளுங்கள். டெப்த், பொசிஷன், மோஷன் வெக்டர், கிரிப்டோமேட் நான்குக்கும் வேண்டாம்.

காம்போசிட்டிங்கிலும் ஒரு வரிசை உண்டு. கிரிப்டோமேட் நோடுக்கு முன்னால் ரீசைஸ், ப்ளர், நிற மாற்றம் எதையும் வைக்காதீர்கள். இரண்டு எண்களின் சராசரி மூன்றாவது ஒரு எண். அந்தப் பெயரில் காட்சியில் எந்தப் பொருளும் இல்லை. முதலில் மேட்டை எடுங்கள், பிறகு அதைச் சுருக்குங்கள். ரிசால்வ் 20 முதல் அதன் காம்போசிட்டிங் பகுதியான ஃப்யூஷனிலேயே கிரிப்டோமேட் உள்ளே வந்துவிட்டதால், அங்கே இதற்காகத் தனி ப்ளக்-இன் தேட வேண்டியதில்லை.

கேள்வி: நியூக் 12-இலிருந்து நேராக 16-க்குத் தாவினோம். எங்கள் குழு எழுதிய கருவிகள் ஒன்றும் ஓடவில்லை.

பதில்: நடுவில் இரண்டு ஆறுகளைத் தாண்டியிருக்கிறீர்கள். முதலாவது 13: பைத்தான் 2.7 போய் 3.7 வந்தது. இரண்டாவது 16: கருவிகளின் ஜன்னல், மெனுக்களை வரையும் க்யூடி நூலகத்தின் பைத்தான் இணைப்பான பைசைடு2 போய் பைசைடு6 வந்தது. ஒரே நாளில் இரண்டையும் திருத்தப் பார்க்காமல், முதலில் நியூக் 13 முதல் 15 வரை ஏதாவதொன்றில் பைத்தான் பகுதியை ஓடச் செய்யுங்கள், பிறகு 16-இல் ஜன்னல்களைச் சரிசெய்யுங்கள்.

பைத்தானில் பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போடாதது உடனே பிழை காட்டிவிடும், அதனால் ஆபத்தில்லை. சத்தமில்லாமல் கெடுப்பது வகுத்தல். பழையதில் 5/2 என்றால் 2, புதியதில் 2.5. ஃபிரேம் எண்ணை இரண்டால் வகுக்கும் கருவி, பின்னத்தை ரேஞ்சுக்குள் கொடுத்து நிற்கும், அல்லது பிழையே காட்டாமல் தவறான ஃபிரேமைப் பிடிக்கும். முழு எண் வேண்டிய இடங்களில் // போடுங்கள். பைசைடு6-இல் க்யூஆக்‌ஷன் வகை க்யூடிவிட்ஜெட்ஸிலிருந்து (QtWidgets) க்யூடிஜியுஐக்கு (QtGui) இடம் மாறியிருக்கிறது; மெனு வைத்த எல்லாக் கருவியும் முதலில் அங்கேதான் விழும்.

சி++ ப்ளக்-இன்களைத் திருத்தினால் மட்டும் போதாது, நியூக்கின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கம்பைலர், பைத்தான், க்யூடி, ஓபன்இஎக்ஸ்ஆர் எந்தப் பதிப்பில் இருக்க வேண்டும் என்று தொழில்முறை மென்பொருள்கள் ஆண்டுதோறும் ஒத்துப்போகும் அட்டவணை ஒன்று உண்டு: விஎஃப்எக்ஸ் ரெஃபரன்ஸ் பிளாட்ஃபார்ம். நியூக் 16 பின்பற்றுவது அதன் 2024 வரிசையை: பைத்தான் 3.11, க்யூடி 6.5. அதே வரிசையில் இருக்கும் மற்ற மென்பொருள்களோடு உங்கள் கருவிகள் ஒத்துப்போகும்.

கேள்வி: ரிசால்வின் இலவசப் பதிப்பு போதுமா?

பதில்: எடிட்டிங், நிறத் திருத்தம், ஃப்யூஷன் கற்க நிச்சயம் போதும். வெளியீடு 3840×2160 வரைதான். மேஜிக் மாஸ்க், டெப்த் மேப், இரைச்சல் நீக்கம் மூன்றும் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில் மட்டும். லினக்ஸ்காரர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: அங்கே இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கிளிப்புகளைத் திறக்காது. டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ட்ராக் மேட் லேயரை (இன்னொரு லேயர் எங்கே தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பதை) மேலே வைக்க மறந்து ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். வழியுண்டா?

பதில்: 2022 அக்டோபரில் வந்த 23.0 முதல் அந்தக் கட்டாயமே இல்லை. ட்ராக் மேட் பத்தியில் உள்ள பட்டியலைத் திறந்து, எந்த லேயரை வேண்டுமானாலும் மேட்டாகத் தேரலாம்; அது கீழே இருந்தாலும் சரி. ஒரே லேயர் ஐந்து லேயர்களுக்கு மேட்டாகவும் இருக்கலாம், நகல் எடுக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே ஆல்ஃபாவா லூமாவா (பிரகாசமா), நேரா தலைகீழா என்று மாற்றும் இரண்டு சின்னங்கள் இருக்கின்றன. பழைய புராஜெக்ட்டில் ஒரே மேட்டுக்கு ஐந்து நகல் வைத்திருப்பவர்கள் ஒன்றை விட்டு நான்கை நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் அந்த ஒன்றோடு இணையுங்கள். பிறகு மேட்டில் ஒரு கீஃபிரேமை நகர்த்தினால் ஐந்து லேயரும் சேர்ந்து நகரும்.